சபர் போய் வந்தவர்கள்

கேள்வி கேட்டவர் கல்லூரியில் படிக்கிற தம்பி என்று தெரிகிறது. "கைநிறையப் பணம், நிறைய வாசிப்பு, உலகமெல்லாம் சுற்றிய அனுபவம், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் எப்படி வாழ்வார், என்ன யோசிப்பார்? நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அப்படி யாரும் இருந்திருக்கிறார்களா? அப்படி வாழ எவ்வளவு பணம் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு முக்கியம் கடைசிக் கேள்விதான் என்பது புரிகிறது. அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம்.

அந்த மூன்றில் ஒன்றுகூட முழுசாக இல்லாதவன் நான். ஆனால் கீழக்கரை ரத்தின வியாபாரி ஒருவரிடம் 22 வருடம் கணக்கு எழுதினேன். முதலில் ஊரில், அப்புறம் சென்னை மண்ணடியில். ஒருவருடைய டயரியைப் படிப்பதைவிட அவருடைய செலவுக் கணக்கைப் படித்தால் ஆள் நன்றாகப் பிடிபடுவார். எத்தனை விமான டிக்கெட், ஹோட்டலில் எத்தனை ராத்திரி, புத்தகக்கடைக்கு எவ்வளவு, வீட்டுக்குத் தெரியாமல் யாருக்கு மணியார்டர் போனது, எல்லாம் என் கையெழுத்தில்தான் பேரேட்டில் ஏறியது. நாலைந்து பயணங்களில் கூடவும் போயிருக்கிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். முதலாளி என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சபர். அரபியில் பயணம் என்று அர்த்தம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளில் "வாப்பா எங்கே?" என்று கேட்டால் "சபர்ல இருக்காக" என்பார்கள். போய்த் திரும்பியவர் சபராளி. என் காதில் விழுந்தவரை, கப்பலில் உட்கார்ந்திருப்பவனை யாரும் சபராளி என்று சொன்னதில்லை. ஊர் திரும்பி, பெட்டியைத் திறந்து, தெருவில் நடந்து பள்ளிவாசலுக்குப் போகிறவரைத்தான் சொன்னார்கள். நான் சொல்லப்போகிற எல்லாம் ஏறக்குறைய இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் வாழ்க்கைமுறை. தம்பி மனதில் இருக்கும் படம் எனக்குத் தெரியும். கடலைப் பார்த்த நீச்சல்குளம், கையில் கோப்பை, பக்கத்தில் ஒரு தடிமனான புத்தகம். அப்படி ஆட்களும் இருக்கிறார்கள், மண்ணடியில் சிலரை எனக்கே தெரியும். ஆனால் அந்தப் புத்தகம் பெரும்பாலும் விரிக்கப்படுவதில்லை.

முதலாளியின் நாள் சுபுஹு என்கிற விடிகாலைத் தொழுகையோடு தொடங்கும். சீனி போடாத தேநீர், இரண்டு செய்தித்தாள், பிறகு ஒரு மணி நேரம் யாரும் அவரிடம் பேசக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் வாசிப்பு. கொழும்பில் இருந்தாலும் பாங்காக்கில் இருந்தாலும் அதுதான். நாலு சட்டை, இரண்டு கைலி, ஒரு கோட்டு, இதற்குமேல் அவர் பெட்டியில் நான் பார்த்ததில்லை. ஆறு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் என்றால் விமானத்தில் சாதாரண வகுப்பு. அதற்கு மேல் என்றால் முதுகுவலிக்காக மேல் வகுப்பு. ஹோட்டலும் பெரிய ஹோட்டல் கிடையாது. ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் சுத்தமான அறை இருந்தால் போதும். ஆனால் மற்றவர்கள் மூன்று நாள் தங்குகிற ஊரில் இவர் மூன்று வாரம் தங்குவார். பணம் எங்கே செலவானது என்று பார்த்தால், நாட்களை வாங்குவதில்தான் செலவானது.

புத்தகச் செலவைச் சில்லறைச் செலவு என்ற தலைப்பில் எழுதச் சொல்வார். ஒரு வருடம் அந்தத் தலைப்பு ஏகத்துக்கு ஏறிவிட்டது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முதலாளியிடம் போய், புத்தகத்துக்குத் தனித் தலைப்பு போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். வீட்ல பாத்தா ஏசுவாக" என்றார்.

இனி யோசனை. இதை அவருடைய தொழில் வழியாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

கல் வியாபாரத்தில் வெளிச்சம்தான் எல்லாம். நீலக்கல்லையும் மாணிக்கத்தையும் குழல்விளக்கில் பார்த்து விலை சொல்கிறவன் வீணாய்ப்போவான். காலை நேரத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலில் வருகிற நேரடி வெயில் இல்லாத வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பத்து மடங்கு லென்ஸ். விற்கிறவன் எந்த வெளிச்சத்தில் காட்டுகிறான் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இந்தப் பழக்கம் ஊர்களைப் பார்ப்பதிலும் அவருக்குத் தொற்றிவிட்டது. புது ஊரில் மாலையில் இறங்கினால் எதுவும் பார்க்க மாட்டார், சாப்பிட்டுப் படுத்துவிடுவார். காலையில் முதல் வேலை காய்கறிச் சந்தை. ஒரு நாட்டின் தலைநகரை ராத்திரி விளக்கில் பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர்களை அவர் நம்பியதே இல்லை.

தாய்லாந்தில் சந்தபுரி என்று ஒரு ஊர். வார இறுதியில் அங்கே கல் சந்தை கூடும். வாங்க வந்தவர்கள் வாடகைக்கு ஒரு மேசை பிடித்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். தரகர்கள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களோடு வந்து வரிசையாகப் பிரித்துக் காட்டுவார்கள். முதல் முறை நான் கூடப் போயிருந்தபோது, வெள்ளி, சனி இரண்டு நாளும் முதலாளி ஒரு கல்கூட வாங்கவில்லை. பார்த்தார், விலை கேட்டார், திருப்பிக் கொடுத்தார். மேசை வாடகை நஷ்டம் என்று எனக்கு வயிற்றெரிச்சல். அடுத்த வாரமும் அங்கேயே தங்கினார். இரண்டாவது வாரம் அதே தரகர்கள் அதே கற்களை வேறு விலையோடு கொண்டுவந்தார்கள். "மொத வாரம் நான் அவுகளப் பாக்கல, அவுகதான் என்னையப் பாத்தாக" என்றார். வசதியுள்ள பயணிக்கும் அவசரப் பயணிக்கும் இருக்கிற வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். தன்னை அந்த ஊர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருக்க அவரிடம் நாள் இருந்தது.

படிப்பு எங்கே வருகிறது? அதற்கு கியூடா கதையைச் சொல்ல வேண்டும். இலங்கை ரத்தினபுரிப் பக்கம் பால் கலந்த மாதிரி மங்கலான ஒரு கல் கிடைக்கும். அதற்குக் கியூடா என்று பெயர். நீலக்கல்லின் இனம்தான், ஆனால் நீலம் இருக்காது. வெகுகாலம் அதை யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் கிலோக் கணக்கில் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே உலையில் 1,500 டிகிரிக்கும் மேலே சூடாக்கினால், கல்லுக்குள் நூல் நூலாக இருக்கிற டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. மங்கல் கல் முதல்தர நீலமாகிவிடுகிறது. விற்றவர்களுக்கு விஷயம் தெரியவரும்போது நிறையக் கல் போய்விட்டது.

முதலாளியின் வாப்பா அந்தக் காலத்தில் கியூடாவைத் தொட்டதே இல்லை. இவர் பாங்காக்கில் ஒரு தொழில் பத்திரிகையில் இந்தச் சூடேற்றும் முறையைப் பற்றிப் படித்துவிட்டு, ஊருக்கு வந்து, எனக்குத் தெரிந்த ஒரு வேதியியல் வாத்தியாரைத் தேடிப்போய் இரண்டு மூன்று நாள் பாடம் கேட்டார். கோடீசுவரர் ஒருவர் கையில் நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டதை அந்த வாத்தியார் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு முதலாளி கியூடா வாங்கி விற்றதில் நல்ல லாபம் வந்தது, அது வேறு. எனக்கு மனதில் நிற்பது, நாடு நாடாகச் சுற்றியவர் தன் அறியாமையைத் தீர்த்துக்கொள்ள ராமநாதபுரத்துக்குத் திரும்பி வந்தார் என்பது.

அவருடைய வாசிப்பே அப்படித்தான். பெரும்பாலோர் போவதற்கு முன்னால் படிப்பார்கள். இவர் போவதற்கு முன் வரைபடம் மட்டும் பார்ப்பார். வந்த பிறகுதான் புத்தகம். கேட்டால், படித்துவிட்டுப் போனால் புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் கண் தேடும் என்பார். நான் இதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். மியான்மர் பகோடாவில் என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் அரை நாள் அலைந்திருக்கிறோம். ஆனாலும் திரும்பிய பிறகு அவர் படிக்கிற படிப்பு வேறு ரகம். பார்த்ததற்கு விளக்கம் தேடுகிறவன் படிப்பு.

ஆண்ட்வெர்ப் கதை இதற்குச் சரியான உதாரணம். பெல்ஜியத்தில் உள்ள அந்த ஊருக்கு வைர வியாபாரிகள் போவார்கள். வைரத் தெருக்கள் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. இறங்கி, வியாபாரத்தை முடித்து, அதே நிலையத்தில் ரயில் ஏறிவிடுவார்கள். முப்பது தடவை ஆண்ட்வெர்ப் போனவருக்கு அந்த மூன்று தெருவுக்கு மேல் தெரியாது. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருந்ததால் நடந்தார். பிளான்டின் மொரேட்டஸ் என்ற பழைய அச்சுக்கூடத்தில் போய் நின்றார். 1555 வாக்கில் தொடங்கிய அச்சகம், இப்போது அருங்காட்சியகம். உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு எந்திரங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன.

ஊர் வந்ததும் ஒரே கேள்வி: "அதே காலத்துல நம்மகிட்ட அச்சு உண்டா?" எனக்குத் தெரியவில்லை. அவரே தேடிப் படித்துக் கண்டுபிடித்தார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே புத்தகம் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்தவர் அண்டிரிக்கு அடிகளார் என்று தமிழில் சொல்லப்படும் என்ரிக் என்ரீக்கஸ், முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்தவர். அதே யேசு சபையைச் சேர்ந்த அந்தோனியோ கிரிமினாலி என்ற பாதிரியார் 1549இல் மண்டபம் பக்கத்து வேதாளையில் கொல்லப்பட்டார். வேதாளை வழியாக முதலாளி எத்தனையோ தடவை காரில் போயிருக்கிறார். ஆண்ட்வெர்ப் போய் வந்த பிறகுதான் அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

எங்கள் கரைக்கு வந்துபோன பழைய பயணிகளிடமும் இதே வரிசைதான். பாண்டிய நாட்டுக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ வெனிஸ் வியாபாரக் குடும்பத்துக்காரர். வந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். அவர் சொன்னதெல்லாம் 1298இல் ஜெனோவா சிறையில் இருந்தபோது இன்னொருவரை எழுத வைத்துச் சொன்னது. இபின் பதூதா மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து 1325இல் 21 வயதில் கிளம்பியவர், அவரும் எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் வாயால் சொல்லி எழுதவைத்தார். இரண்டு பேரும் போகும்போது எழுதிக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

போலோ எதைக் கவனித்தார் பாருங்கள். இங்கே தண்ணீர் குடிக்கிறவர்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் தூக்கி ஊற்றிக் குடிக்கிறார்கள் என்கிறார். இன்றைக்கும் நாம் அண்ணாந்துதானே குடிக்கிறோம்! வலது கையால் மட்டும் சாப்பிடுவதைச் சொல்கிறார். கடன் வாங்கியவன் இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான், பணத்தைக் கொடுக்காமலோ ஜாமீன் சொல்லாமலோ வட்டத்தைத் தாண்டக் கூடாது. ராஜாவையே ஒரு வெளிநாட்டு வியாபாரி குதிரையோடு சேர்த்து வட்டத்துக்குள் நிறுத்தியதைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். முதலாளிக்கு மிகவும் பிடித்த கதை இது. வராத பாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஒரு வட்டம் போட்டுட்டு வாங்க" என்பார். முத்தைப் பற்றிச் சொன்னதைவிட இந்தச் சின்ன விஷயங்களால்தான் போலோ எனக்கு நம்பத் தகுந்தவராகத் தெரிகிறார். வசதியானவன் கண் பொதுவாகப் பெரிய பொருட்கள் மேல் போகும். இவர் கண் சொம்பு பிடிக்கிற விதத்தின் மேலும் போயிருக்கிறது.

இபின் பதூதா கதை கொஞ்சம் கசப்பானது. 1340களில் இலங்கையிலிருந்து வரும்போது இந்தக் கரைக்குப் பக்கத்தில் கப்பல் மாட்டிக்கொண்டது. மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவரை வரவேற்றார். இரண்டு பேருக்கும் மனைவி வழியில் உறவும் உண்டு. பத்தன் என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், கடலுக்குள் கட்டைகள் மேல் நிறுத்திய மர மண்டபம், அதற்குப் போக மேலே கூரை போட்ட மரப்பாதை. அந்தப் பத்தன் நம்ம பெரியபட்டினம்தான் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் நிறையக் கிடைத்தன. சுல்தான் பிடிபட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றதைப் பதூதா கண்டித்து எழுதுகிறார். படித்த மனுஷன், காஜி, அதாவது நீதிபதி வேலை பார்த்தவர், மனம் பதறியிருக்கிறது. ஆனால் அதே சுல்தானோடு உட்கார்ந்து, மாலத்தீவின் மேல் படையெடுக்கத் திட்டம் போட்டவரும் அவர்தான்! சுல்தான் இறந்துபோனார், பதூதாவும் காய்ச்சலில் விழுந்தார், அது நடக்காமல் போயிற்று. பிறகு மேற்குக் கரையில் கடற்கொள்ளைக்காரர்கள் அவரிடம் இருந்த முத்தையும் மாணிக்கத்தையும் பறித்துக்கொண்டு, கால்சட்டையோடு கரையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், நிறையப் படித்து நிறையச் சுற்றினால் மனசு தானாக விரிந்துவிடும் என்று தம்பி எழுதியிருக்கிறார். விரியும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விரியாது. பதூதாவுக்குக் கொடுமையைப் பார்த்தால் பொறுக்கவில்லை, அதிகாரத்தில் பங்கு கிடைக்கும் என்றால் பொறுத்துக்கொண்டார்.

முதலாளியிடமும் இப்படி ஓட்டைகள் இருந்தன. 22 வருடக் கணக்கில் அவர் மனைவிக்கு எடுத்த விமான டிக்கெட் இரண்டு. ஒன்று ஹஜ், இன்னொன்று கண் ஆபரேஷனுக்கு. மற்ற நாளெல்லாம் அந்த அம்மா கீழக்கரையில், பெரிய வீட்டில், பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாமியாரைப் பார்த்து, நாலு கல்யாணம் நடத்தினார். ஒரு தடவை கடிதம் கொடுக்கப் போனபோது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, "உங்க முதலாளிக்கு ஆண்ட்வெர்ப்ல எந்தக் கடை எங்க இருக்குன்னு தெரியும். இந்த வீட்ல உப்பு எங்க இருக்குன்னு தெரியுமான்னு கேட்டுப் பாருங்க" என்றார். நான் கேட்கவில்லை. உலகம் சுற்றுகிறவர்கள் எழுதுகிற கதைகளில் இந்த உப்பு டப்பா வருவதே இல்லை. ஒருவர் சுற்றுவதற்கு ஒருவர் நகராமல் இருக்க வேண்டியிருந்தது, எங்கள் கரையில் தலைமுறை தலைமுறையாக.

அழகன்குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகை கடலில் சேர்கிற பக்கம் இருக்கிற ஊர். தொல்லியல் துறை தோண்டியதில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த இடம். கீழக்கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ரோமில் கொலோசியத்தைச் சுற்றி வந்த முதலாளி, 68 வயது வரை அழகன்குளம் போனதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற எண்ணம். கூடப் போன எனக்கும் அதே வியாதி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது சுருக்கமான விஷயம். அவர் வாப்பாவுக்கு ரங்கூனில் கடை இருந்தது. 1964இல் பர்மிய அரசு கடைகளை அரசுடைமையாக்கியது, பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றது. வாப்பா ஒரு பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். 1983 ஜூலையில் கொழும்புக் கலவரத்தில் முதலாளிக்கு வேண்டியவர்கள் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். இரண்டு சம்பவத்துக்குப் பிறகு, எந்த ஒரு நாட்டையும் நிரந்தரம் என்று நம்பாத ஒரு குணம் அந்தக் குடும்பத்துக்கு வந்துவிட்டது. கட்டடத்தில் காசைப் போட மாட்டார். சட்டைப் பையில் கொண்டுபோகக் கூடியதும் தலைக்குள் கொண்டுபோகக் கூடியதும்தான் சொத்து. அதோடு ஒவ்வொரு ஊரிலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மொய் எழுதிய செலவும் என் பேரேட்டில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சுதந்திரமாகத் தெரியும். உள்ளே கொஞ்சம் பயமும் இருந்தது.

ராமநாதபுரம் சீமையில் வேறு யாரும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதியைச் சொல்லலாம், "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, அவர்தான். கடல் வியாபாரத்தில் சம்பாதித்தவர், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவாக நின்றவர். அதே ஊரில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இலங்கைக்கும் கீழக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டே அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதும் தமிழில், எழுதியவர். நம் காலத்தில் பி.எஸ். அப்துர் ரகுமான், கீழக்கரையில் பிறந்து வெளிநாடுகளில் பெரிய வியாபாரம் செய்தவர், 1984இல் வண்டலூரில் பொறியியல் கல்லூரி தொடங்கினார். ஏ.கே. செட்டியாரைப் பணக்காரர் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் விடவும் முடியாது. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றிப் படம் எடுக்க 1930களின் கடைசியில் நாடு நாடாக அலைந்து துண்டுத் துண்டாகப் படச்சுருள் சேர்த்தவர். இவ்வளவு சுற்றியும் தன் முகத்தை முன்னால் வைக்காத மனிதர். படத்துக்குப் படம் தன் முகத்தையே வைக்கிற இந்தக் காலத்தில் அவரை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இவர்களில் எனக்குத் தனியாகப் படுகிறவர் பாஸ்கர சேதுபதி. ராமநாதபுரம் ராஜா, 1868இல் பிறந்தவர், ஜமீன், ஆங்கிலமும் தமிழும் நல்ல படிப்பு. 1893 சிகாகோ சர்வசமய மாநாட்டுக்குத் தாமே போக நினைத்து, பிறகு விவேகானந்தரைப் போகச் சொல்லி உதவினார் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பன் வந்து இறங்கியபோது எதிர்கொண்டு அழைத்தவரும் அவரே. வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களோடு சேர்ந்து ராஜாவும் இழுத்தார் என்று சொல்வார்கள். பணமும் படிப்பும் கையில் இருக்கிறவர் தன் பயணத்தை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, திரும்பி வருகிறவருக்காகக் கரையில் நிற்பது என்ன மாதிரி மனநிலை என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அள்ளிக் கொடுத்தே ஜமீன் கடனில் முழுகிப்போனது. 35 வயதில் போய்விட்டார். கணக்கு எழுதினவன் என்ற முறையில் சொல்கிறேன், அவருடைய கணக்கப்பிள்ளையாக நான் இருந்திருந்தால் ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

சரி, எவ்வளவு பணம் வேண்டும்? முதலாளி மாதிரி மூன்று வாரம் ஒரு ஊரில் சும்மா உட்கார்ந்திருக்க நிறையவே வேண்டும், அதை மறைப்பதில் பயனில்லை. பணம் இல்லாவிட்டாலும் மனசு இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் விசாவுக்கு வரிசையில் நின்றதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பல நாடுகளுக்கு விசா கேட்கும்போது வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள், நிராகரித்தால் கட்டிய பணமும் போச்சு. அந்த வசதி வருகிறவரை, திரும்பி வந்து படிக்கிற பாதியை இப்போதே பழகிக்கொள்ளலாம். அதற்கு டவுன் பஸ் டிக்கெட் போதும்.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள், சுவரில் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கிற ஓவியம் இருக்கிறது, அவர்களுடைய தொப்பியையும் காலணியையும் நம் ஓவியன் எப்படிப் பார்த்திருக்கிறான் என்று கவனியுங்கள். மறுநாள் பெரியபட்டினம். அப்புறம் கீழக்கரை, பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களைக் காலை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து நூலகத்தில் உட்காருங்கள்.

கீழக்கரையில் தொதல் வாங்காமல் திரும்ப வேண்டாம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுவது. மலாய்க்காரர்கள் இதைத் தொடோல் என்கிறார்கள், இலங்கையிலும் உண்டு. சபர் போன யாரோ கொண்டுவந்து சேர்த்ததுதான், யார் என்பதற்குப் பேரேடு இல்லை. முதலாளி எந்த நாட்டுக்குப் போனாலும் இரண்டு பொட்டலம் பெட்டியில் இருக்கும், கல் விற்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. நீங்கள் வாங்கினால், கடைக்காரரிடம் அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.